ஃப்ரீஸ் ட்ரை பாக்கெட்டை நம்பி அஞ்சு நாள்: ரே லேக்ஸ் போய்வந்த கதை (நீளம்தான், பொறுத்துக்குங்க)

#1 | பாதிமூட்டை | சான் ஹோசே

ஜூன் மாசம் இந்த ஃபோரத்தில் "மலையில என்ன சாப்பிடறது" என்று பேச்சு வந்தபோது, ஃப்ரீஸ் ட்ரை பாக்கெட் சாப்பாடு (உறையவைத்து உலர்த்தினது, வெந்நீர் ஊற்றினால் ரெடி) வாங்குகிறவர்களை நான் கொஞ்சம் ஓவராகவே கிண்டல் செய்திருந்தேன். வறுத்த ரவை இருக்க பதிமூணு டாலர் பாக்கெட் எதுக்கு என்று கேட்டதும் நான்தான். ஆகஸ்ட் முதல் வாரம் ரே லேக்ஸ் சுற்றுக்குப் போய்வந்தேன். கூட வந்த மச்சான் என்னைக் கேட்காமலே நாலு ராத்திரிக்கு, ஆளுக்கு நாலு என்று எட்டு பாக்கெட் வாங்கி வைத்துவிட்டான். நூறு டாலர் காலி. சரி, திட்டுவதானாலும் தின்றுவிட்டுத் திட்டுவோம் என்று கிளம்பினேன்.

இடம் தெரியாதவர்களுக்கு: கலிஃபோர்னியாவில் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா. ரோட்ஸ் எண்ட் என்ற இடத்தில் தார் ரோடு முடிந்துபோகும், பெயரே அதுதான். அங்கிருந்து சுமார் 66 கிலோமீட்டர் வட்டம். 1,535 மீட்டரில் தொடங்கி, 3,650 மீட்டரில் இருக்கும் கிளென் பாஸைத் தாண்டி, மறுபடி அதே பார்க்கிங்குக்கு வந்து சேரணும். நடுவில் கடை கிடையாது, டீ கிடையாது. கரடி உண்டு. அதனால் சாப்பாடு, பற்பசை, சன்ஸ்க்ரீன், வாசனை வருகிற எல்லாமே கரடி டப்பாவுக்குள் போகணும், அது சட்டம். நாங்கள் ஆளுக்கு ஒன்று தூக்கினோம். 11.5 லிட்டர் கொள்ளும். காலி டப்பாவே ஒரு கிலோவுக்கு மேல்.

முதல் பிரச்சினை கார் மலை ஏறும்போதே வந்தது. சான் ஹோசே கடல்மட்டம். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று குறையாது. எட்டு பாக்கெட்டும் திருவிழா பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நின்றன. டப்பாவுக்குள் மூணுதான் நுழைந்தது. பார்க்கிங்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் மூலையிலும் சேஃப்டி பின்னால் குத்தி, காற்றை அமுக்கி எடுத்து, டேப் ஒட்டினோம். அப்புறம் அடங்கின. (ஓட்டை போட்டால் அந்த வருஷக்கணக்கான ஆயுள் போச்சு. அந்த ட்ரிப்பிலேயே தின்றுவிடணும்.)

முதல் ராத்திரி பாரடைஸ் வேலியில், பாட் தாய் (தாய்லாந்து நூடுல்ஸ்). தண்ணீர் கொதிக்கவைத்து பாக்கெட்டிலேயே ஊற்றி, கிண்டி, ஜிப்பை மூடி, கால்மணி நேரம் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். வெந்நீர்ப் பை மாதிரி வயிற்றுக்கு இதமாக இருந்தது. கடலை வாசனை, கொஞ்சம் புளிப்பு, நிறைய இனிப்பு. பரவாயில்லை ரகம்.

ரெண்டாவது ராத்திரி உட்ஸ் க்ரீக் தொங்குபாலத்துக்குப் பக்கம், லசான்யா (அடுக்கடுக்காக வருகிற இத்தாலியப் பாஸ்தா). பேர்தான் லசான்யா, கையில் வந்தது தக்காளிக் கூழ். நான் எடுத்துப்போன ஸ்பூன் குட்டை. பாக்கெட்டின் அடிமூலைக்கு எட்டாமல், முழங்கை வரை சாஸ் பூசிக்கொண்டு, அதை இருட்டில் கழுவி... அடியில் கரையாத சீஸ் பொடி ஒரு கட்டியாக வேறு வாயில் வந்தது. நீளக் கைப்பிடி ஸ்பூன் வாங்குங்கள், வேறொன்றும் வாங்காவிட்டாலும்.

மூணாவது ராத்திரி ரே லேக்ஸ். ஏரிக்கு அந்தப் பக்கம் ஃபின் டோம் பாறை, அதன் நுனியில் மட்டும் கடைசி வெயில். கையில் "இந்தியக் கறி, கொண்டைக்கடலை, சாதம்" பாக்கெட். ஆசையாகப் பிரித்தேன். மஞ்சள் நிறம் இருந்தது, காரம் இல்லை, உலர்ந்த திராட்சை இருந்தது. யார் வீட்டுக் கறியில் திராட்சை போடுகிறார்கள்? ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் தின்றுகொண்டே போனால் அடியில் சதுரமாக ஒன்று பல்லில் பட்டது. அப்பளத் துண்டாக்கும் என்று கடிக்கப் போய், நாக்கில் பிளாஸ்டிக். ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம்! தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் வெளியே எடுத்திருக்கணும். அட்டையில் கொட்டை எழுத்தில்தான் போட்டிருக்கிறது. மச்சான் சிரித்த சிரிப்பு ஏரி முழுக்கக் கேட்டது.

நாலாவது ராத்திரியைப் பற்றி அப்புறம் தனியாக எழுதுகிறேன். கேள்வி இருந்தால் கேளுங்கள். திட்டுவதென்றாலும் திட்டலாம், எனக்கு வேண்டியதுதான்.

#2 | ரசம்பொடி | ஃப்ரீமான்ட்

வாங்க வாங்க. ஜூன்ல "ரவைதான் ராஜா"ன்னு எழுதினது நீங்கதானே தம்பி? ஸ்க்ரீன்ஷாட் இருக்கு.

நூறு டாலருக்கு ஒரு மாச மளிகை வாங்கலாம். நான் பன்னெண்டு வருஷமா இந்த சியரா மலையில நடக்கறேன், ஒரு பாக்கெட் வாங்கினதில்லை. கணக்கு அப்புறம் போடறேன், இப்ப ஆபீஸ்ல இருக்கேன்.

#3 | தேனிக்காரி | போடி

படிக்கவே பசிக்குது, ஆனா அந்தக் கறிக்கு இல்ல 😄

எங்க பக்கம் இந்தக் கவலையே கிடையாது. 2024 அக்டோபர்ல அரசாங்கம் ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதை திறந்துவிட்டாங்க, ஆன்லைன்ல புக் பண்ணி, வழிகாட்டியோட போகணும். போனா பொழுது சாயறதுக்குள்ள இறங்கிடறோம். எலுமிச்சம்பழச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், இலையில கட்டி எடுத்துட்டுப் போனா மத்தியானம் வரைக்கும் மணக்கும். அடுப்பைப் பத்தி யோசிக்கவே கூடாது. 2018 மார்ச்ல குரங்கணி மலையில தீப்பிடிச்சப்போ எங்க ஊர் ஆஸ்பத்திரி வாசல் இருந்த நிலைமையைப் பார்த்தவ நான். காட்டுக்குள்ள தீப்பெட்டி எடுத்தா எனக்கு இப்பவும் உடம்பு பதறும்.

ஒரு சந்தேகம். இந்தப் பாக்கெட்டும் கடையில விக்கிற ரெடி டு ஈட் பொங்கல், ராஜ்மா பாக்கெட்டும் ஒண்ணுதானா?

#4 | லையோ | ஹைதராபாத்

தேனிக்காரி அக்கா, ஒன்று இல்லை. மூன்று ஜாதி இருக்கிறது, எல்லோரும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். நான் மருந்துக் கம்பெனியில் இந்த ஃப்ரீஸ் ட்ரையர் இயந்திரத்தோடுதான் குடும்பம் நடத்துகிறேன் (பெயரைப் பார்த்தாலே தெரியும், அந்த இயந்திரத்துக்கு எங்கள் செல்லப்பெயர் லையோ), அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட ரெடி டு ஈட் ராஜ்மா ரிடார்ட் வகை. சமைத்த குழம்பைப் பையில் அடைத்து, பையோடு சேர்த்துப் பிரஷர் குக்கர் மாதிரி ஒன்றில் வேகவைத்துக் கிருமியைக் கொல்வார்கள். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். ஒரு பை 300 கிராம் என்றால் அதில் முக்கால்வாசி தண்ணீர். ஆற்றங்கரையில் உட்காரப்போகிறவன் வீட்டிலிருந்து தண்ணீரைத் தூக்கிப் போன கதை. நம் நாட்டில் இந்த வகையை வளர்த்ததில் மைசூரில் 1961ல் தொடங்கிய ராணுவ உணவு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1984ல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனபோது சூஜி அல்வா செய்து அனுப்பியதும் அவர்கள்தான்.

இரண்டாவது, சூட்டில் உலர்த்தியது. நம் வத்தல், வடகம், கப் உப்புமா எல்லாம் இதில் சேரும். நீர் திரவ நிலையிலிருந்து ஆவியாகி வெளியேறுவதால் பொருள் சுருங்கி, இறுகிப்போகும். சுண்டைக்காய் வத்தலை வெந்நீரில் போட்டால் மறுபடி பச்சைச் சுண்டைக்காய் ஆகுமா? ஆகாது.

மூன்றாவதுதான் ஃப்ரீஸ் ட்ரை. சமைத்த உணவைக் கல்லாக உறையவைத்து, பெட்டிக்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவோம். அழுத்தம் 6 மில்லிபாருக்குக் கீழே போய்விட்டால் தண்ணீருக்குத் திரவமாக இருக்கவே வழி இல்லை. பனிக்கட்டி உருகாமல் நேராக ஆவியாகிவிடும், கற்பூரம் மாதிரி. பனி இருந்த இடமெல்லாம் ஓட்டையாக நிற்கும். பட்டாணி பட்டாணி அளவிலேயே இருக்கும், ஆனால் தெர்மோகோல் எடை. வெந்நீர் ஊற்றினால் அந்த ஓட்டைகள் வழியே பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும்.

இது ஏதோ அமெரிக்கச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம்மில் பலருக்குத் தோளில் இருக்கும் பிசிஜி ஊசித் தழும்பு, இப்படி உலர்த்திய மருந்தைக் கரைத்துப் போட்டதுதான். விலை கூடின இன்ஸ்டன்ட் காபி, அந்தத் துண்டு துண்டாக உடைந்த மாதிரி இருப்பது, அதுவும் இதுவே. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் இயந்திரமே இல்லாமல் நூற்றாண்டுகளாக உருளைக்கிழங்கை இப்படிச் செய்கிறார்கள். இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை எடுத்து, வெயிலில் காயவைப்பது. சுன்யோ என்று பெயர்.

#5 | கேள்விக்குறி | சென்னை

லையோ சார், வீட்டு ஃப்ரீசரில் சாம்பார் சாதத்தை ரெண்டு வாரம் வைத்தால் இது நடக்குமா? கேட்கவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டுவிட்டேன்.

காரணம் இருக்கிறது. செப்டம்பரில் நாங்கள் நாலு பேர் காஷ்மீர் கிரேட் லேக்ஸ் (ஏரி ஏரியாக நடக்கிற மலைப்பாதை) போகிறோம். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் உண்டு, சமையல்காரர் இல்லை, சமையல் எங்கள் பொறுப்பு. எங்கள் குழுவில் மூணு பேருக்கு மேகி தவிர எதுவும் வராது. நாலாவது ஆள் நான், எனக்கு மேகியும் சுமார்.

#6 | லையோ | ஹைதராபாத்

வெட்கப்பட ஒன்றுமில்லை, பாதி நடக்கும். ஃப்ரீசரில் மறந்துபோன பட்டாணி வெள்ளை பூத்து, வறண்டு கிடக்கும் இல்லையா, அது இதே ஆவியாதல்தான். ஆனால் காற்றை உறிஞ்சாமல் மாசக்கணக்கில் ஆகும், அதற்குள் வாசனை கெட்டுப்போகும். வீட்டுக்கென்றே சின்ன இயந்திரம் வெளிநாட்டில் விற்கிறார்கள், விலை ஆயிரக்கணக்கான டாலர், ஒரு ஈடு முடிய ஒரு நாளுக்கு மேல் ஓடும். அந்தக் காசுக்கு இன்னும் நாலு முறை காஷ்மீர் போகலாம்.

இன்னொன்று. மலையில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். 3,200 மீட்டரில் சுமார் 89 டிகிரியிலேயே குமிழி வந்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடேறாது. சமைக்காத பருப்பு அதில் லேசில் வேகாது, இமயமலைச் சமையல்காரர்கள் முதுகில் குக்கரைக் கட்டிக்கொண்டு ஏறுவது அதனால்தான். ஃப்ரீஸ் ட்ரை உணவு ஏற்கெனவே வெந்தது. அதற்கு வேண்டியது தண்ணீர் உள்ளே போவது மட்டும். ஆறின தண்ணீரில்கூட ஊறும், நேரம்தான் கூடும். பாக்கெட்டில் பத்து நிமிஷம் என்று போட்டிருந்தால் மேலே இருபது விடுங்கள்.

#7 | பாதிமூட்டை | சான் ஹோசே

இது தெரிந்திருந்தால் என் கொண்டைக்கடலை கடகடவென்று இருந்திருக்காது. சாதம் பஞ்சாக இருந்தது, கடலை மட்டும் கூழாங்கல். இத்தனைக்கும் கால்மணி நேரம் விட்டேன்.

#8 | லையோ | ஹைதராபாத்

அநேகமாக உங்கள் பாக்கெட்டில் கடலை சூட்டில் உலர்த்தியதாக இருந்திருக்கும். எல்லா பாக்கெட்டும் முழுக்க ஃப்ரீஸ் ட்ரை இல்லை. விலையைக் குறைக்க ரெண்டையும் கலப்பார்கள். ஒரே பையில் ரெண்டு வேகம்.

#9 | கொக்குவில் | ரொறன்ரோ

எல்லாருக்கும் வணக்கம். நான் கனகாலமா வாசிக்கிறன், இண்டைக்குத்தான் எழுதுறன்.

நாங்கள் ஒவ்வொரு வருசமும் ஒன்ராறியோவில அல்கொன்குவின் பார்க்குக்கு கனோ வள்ளத்தில போறனாங்கள். அங்க உள்காட்டுக்குள்ள தகர டின்னும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோகத் தடை. முதல் வருசம் எங்கட ஆக்கள் அது தெரியாமல் மீன் டின் ஒரு பெட்டி வாங்கி வந்து, பிறகு அதைக் காருக்கையே விட்டிட்டுப் போனது ஒரு கதை. அதுக்குப் பிறகுதான் உந்த உலர்சாப்பாட்டுப் பக்கம் வந்தம்.

பாக்கெட் சாப்பாடு வயித்தை நிரப்பும், வாயை நிரப்பாது எண்டுதான் சொல்லுவன். அதால நாங்கள் பக்கத்தில புழுக்கொடியல் கொண்டுபோவம். பனங்கிழங்கை அவிச்சுக் காயவைச்சது, தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். கெட்டுப்போகாது, பாரமில்லை, ஒரு துண்டை வாய்க்குள்ள போட்டால் ஒரு வாவி முழுக்கத் துடுப்புப் போடலாம். அம்மம்மா ஊரிலிருந்து அனுப்பினது முடிஞ்சால் இஞ்ச தமிழ்க் கடையில வாங்குவம். பல்லு மட்டும் திறமா இருக்கவேணும்.

தம்பி பாதிமூட்டை, அந்தக் கறிக்கு ஒரு கரண்டி யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் போட்டிருந்தால் முந்திரிகை வத்தல் (நீங்கள் சொல்லுற உலர்ந்த திராட்சை) தெரிஞ்சிருக்காது.

#10 | ரசம்பொடி | ஃப்ரீமான்ட்

சொன்ன மாதிரி கணக்கோட வந்துட்டேன்.

ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரி: வறுத்த ரவை 80 கிராம், நெய் 20 கிராம், முந்திரி 15 கிராம். மொத்தம் 115 கிராம். ரவை கிட்டத்தட்ட 280 கலோரி, நெய் 180, முந்திரி 80 சொச்சம். 540 வந்தாச்சு. உங்க பாக்கெட் என்ன எடை, என்ன கலோரி? நான் கடையில திருப்பிப் பார்த்த வரைக்கும் 140 கிராம், 600 கலோரி வாக்கில இருக்கு. அட்டையில "ரெண்டு பேருக்கு"ன்னு வேற போடறான், மலையில அது ஒரு ஆளுக்கே பத்தாது. ஆக எடைக்கு எடை என் உப்புமாதான் முன்னாடி நிக்குது. விலை ஒரு டாலர்கூட வராது. கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, மிளகாய் எல்லாம் வீட்டிலயே நெய்யில தாளிச்சு ரவையோட கலந்துடுவேன். தண்ணி கொதிச்சா போட்டுக் கிளற வேண்டியதுதான்.

காலையில சத்துமாவுக் கஞ்சி. மத்தியானம் அவல், பச்சைத் தண்ணில பத்து நிமிஷம் ஊறவச்சு மேல புளிக்காய்ச்சல். அவலை விட்டுட்டு ஃப்ரீஸ் ட்ரைன்னு தேடறதே எனக்குப் புரியல. நெல்லை வேகவச்சு, இடிச்சு, காயவச்சது. குசேலர் முடிஞ்சு எடுத்துட்டுப் போன ட்ரெய்ல் ஃபுட் சார் அது!

#11 | உப்புக்காரி | கோயம்புத்தூர்

நான் டயட்டீஷியன், மலையேறி இல்லை. என் வீட்டுக்காரர் ஏறுவார், நான் அவருக்குப் பை கட்டுவேன். ரெண்டு விஷயம் மட்டும்.

ஒன்று உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக சோடியம் போதும் என்கிறது. இந்த மாதிரி ஒரு பாக்கெட்டிலேயே ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். நாள் முழுக்க வேர்வை சிந்துகிற 30 வயசுக்காரருக்குப் பெரிய கவலையில்லை. ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்க்கணும், அதுவும் முழுப் பாக்கெட்டுக்கா பாதிக்கா என்று பார்க்கணும். வாங்கும்போதே டாக்டரிடம் ஒரு வார்த்தை.

ரெண்டு, சொல்லக் கூச்சமான விஷயம். உயரம் போனால் வயிற்றில் காற்று விரியும். 1981லேயே மருத்துவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். அந்த நிலையில் பீன்ஸ், கொண்டைக்கடலை பாக்கெட் தின்றுவிட்டு ரெண்டு பேர் ஒரே கூடாரத்தில் படுத்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டாம்.

ரசம்பொடி சார் கணக்கு சரி. ஆனால் நாலு நாளும் ரவையும் அவலும் என்றால் புரதம் எங்கே? வறுத்த பொட்டுக்கடலை, வேர்க்கடலை கொஞ்சம் சேருங்கள்.

#12 | பாதிமூட்டை | சான் ஹோசே

உப்புக்காரி அக்கா, ரெண்டாவது விஷயத்தில் மச்சான் சாட்சி சொல்வான்.

இப்போது நாலாவது ராத்திரி. ரசம்பொடி அண்ணா கணக்குக்கு என் பதில் அதில்தான் இருக்கிறது.

அன்று காலை ரே லேக்ஸிலிருந்து கிளென் பாஸ் ஏறினோம். மேலே கத்தி முனை மாதிரி ஒரு வரப்பு, ரெண்டு பக்கமும் சரிவு, முழுக்கக் கல். ஏறினது பெரிசில்லை, இறக்கம்தான் முழங்காலைத் தின்றது. மத்தியானம் மூணு மணிக்கு இடி. மழை இல்லை, ஆலங்கட்டி, மிளகு சைஸில். பப்ஸ் க்ரீக் பக்கம் கூடாரம் போடும்போது மணி ஏழரை. கையில் விரல் மடங்கவில்லை. கூடாரக் கயிற்றில் முடிச்சுப் போட மூணு தடவை முயற்சி செய்தேன். பசிக்கிறதா என்றால் அதுவும் தெரியவில்லை, உயரத்தில் பசி செத்துப்போகும் என்பார்களே, அது.

என் பையிலும் வறுத்த ரவை இருந்தது அண்ணா. பிடிவாதத்துக்கு எடுத்துப்போயிருந்தேன். அதைச் செய்யணும் என்றால் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கணும், ரவை போட்டுக் கிளறணும், அடிப்பிடிக்காமல் அஞ்சு நிமிஷம் சிம்மில் வைக்கணும். அந்தச் சின்ன அடுப்புக்கு சிம் என்றால் என்னவென்றே தெரியாது, எரிந்தால் ஜெட் விமானம், இல்லாவிட்டால் அணைந்துபோகும். அப்புறம் பாத்திரத்தில் ஒட்டினதைச் சுரண்டி, ஓடையிலிருந்து 60 மீட்டர் தள்ளிப் போய்க் கழுவணும். அந்தக் குளிரில். அந்தக் கையோடு.

பாக்கெட்டைக் கிழித்தேன். பொட்டலத்தை எடுத்து வீசினேன் (பாக்கெட் குப்பைப் பைக்குள்தான், காட்டுக்குள் இல்லை). தண்ணீரை ஊற்றி மூடி, அதைத் தூக்கிக்கொண்டு ஸ்லீப்பிங் பைக்குள் புகுந்துவிட்டேன். சிவப்பு பீன்ஸும் சாதமும், லூசியானா பக்கத்துச் சமையல். இருபது நிமிஷம் கழித்துத் திறந்தால் புகையும் பூண்டு வாசனையும் முகத்தில் அடித்தது. முதல் ரெண்டு வாய் உள்ளே போனதும்தான் பசி திரும்பி வந்தது. உள்ளங்கையில் சூடு, வாயில் காரம், கழுவ ஒரு ஸ்பூன் மட்டும். ருசி எப்படி என்று கேட்டால் கல்யாண வீட்டுச் சாப்பாடு இல்லை. ஆனால் அன்று ரவைதான் கதி என்று இருந்திருந்தால் நான் பட்டினியாகப் படுத்திருப்பேன். அது உறுதி.

அதனால் இப்போது என் முடிவு: அஞ்சு நாள் நடைக்கு ரெண்டு பாக்கெட். பெரிய ஏற்றம் இருக்கிற நாளுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. மீதி நாள் உப்புமா, அவல்.

#13 | ரசம்பொடி | ஃப்ரீமான்ட்

சிம் விஷயம் ஒத்துக்கறேன். நான் ரவையைக் கொதிக்கிற தண்ணில போட்டு, அடுப்பை அணைச்சு, பாத்திரத்தைத் துண்டுல சுத்தி வச்சிடுவேன். நெய் தூக்கலா இருந்தா ஒட்டாது. ஆனா ஆலங்கட்டி மழையில நான் சமைச்சதில்லை. அதுக்கு நான் பேச முடியாது.

குப்பை? அதைப் பத்தி நீங்க பேசலயே. அந்த ஃபாயில் பை மக்காது, ரீசைக்கிளும் ஆகாது, எட்டு பையையும் திரும்பச் சுமக்கணும்.

#14 | பாதிமூட்டை | சான் ஹோசே

சுமந்தேன் அண்ணா. பூண்டும் சீஸும் நாறுகிற எட்டு பையை அஞ்சாவது நாள் வரை கரடி டப்பாவுக்குள்ளேயே வைத்திருக்கணும். அதே டப்பாவில்தான் பிஸ்கட். கடைசி நாள் ஓரியோ லசான்யா வாசனை அடித்தது. இதில் பாக்கெட்டுக்கு முட்டு கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

#15 | பனிப்பூனை | சியாட்டில்

ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே இருங்க, நான் தயிர் சாதத்தோட வரேன்.

ரெண்டு வருஷமா முயற்சி பண்றேன். முதல்ல பால் பவுடரைக் கரைச்சு உறை ஊத்தி ராத்திரி வச்சேன். வெளியில 2 டிகிரி. காலையில பால் பாலாவே இருந்துச்சு, ஸ்லீப்பிங் பைக்குள்ள வச்சுக்கிட்டு தூங்கினதுதான் மிச்சம், அதுவும் கொட்டிச்சு. அப்புறம் ஃப்ரீஸ் ட்ரை தயிர்னு குழந்தைகளுக்கு விக்கிற மாத்திரை மாதிரி ஐட்டம், ஸ்ட்ராபெரி வாசனை. அதை விடுங்க.

இப்ப செய்யறது: கேக் செய்யறவங்களுக்கு விக்கிற மோர்ப் பவுடர். ஏற்கெனவே புளிப்பு இருக்கு. ஃப்ரீஸ் ட்ரை சாதம் இல்லைன்னா சும்மா இன்ஸ்டன்ட் சாதம், அதுல வெந்நீர் ஊத்தி மூடி வைக்கணும். முக்கியமான இடம் இதுதான்: சாதம் கை பொறுக்கற சூட்டுக்கு ஆறினப்புறம்தான் மோர்ப் பவுடரைக் குளிர்ந்த தண்ணில குழைச்சு சேர்க்கணும். சூட்டுல கொட்டினா திரிஞ்சு போய் திப்பி திப்பியா நிக்கும், நான் பார்த்துட்டேன். கடுகு, பெருங்காயம், இஞ்சிப் பொடி, கறிவேப்பிலை வீட்டிலேயே எண்ணெய்யில தாளிச்சு குட்டி பாட்டில்ல. மோர்மிளகாய் வறுத்து தனியா. அது நொறுங்காம இருக்க காலி மாத்திரை டப்பால போடுங்க.

அசல் தயிர் சாதம்னு சொல்ல மாட்டேன். ஆனா மவுண்ட் ரெய்னியரைப் பார்த்துக்கிட்டே மோர்மிளகாய் கடிச்சப்போ என் கூட வந்த தெலுங்குப் பொண்ணு கண்ணுல தண்ணி. காரம்னுதான் சொன்னா.

#16 | கேள்விக்குறி | சென்னை

பனிப்பூனை அக்கா, குறித்துக்கொண்டேன். சிங்கப்பூரிலிருந்து வருகிற அண்ணன் மூலம் ஆறு பாக்கெட் சொல்லியிருக்கிறேன். கேஸ் சிலிண்டரை செக்இன் பையில் போடலாமா?

#17 | பாதிமூட்டை | சான் ஹோசே

போடவே கூடாது! கைப்பையிலும் கூடாது, செக்இன்னிலும் கூடாது. அடுப்புத் தலையை மட்டும் நன்றாகக் கழுவி எடுத்துப்போங்கள். சிலிண்டர் ஸ்ரீநகரில்தான் வாங்கணும். கிளம்புவதற்கு முன்னாலேயே கடைக்குப் போன் போட்டு, உங்கள் அடுப்பின் திருகு எந்த மாடல் என்று சொல்லிக் கேட்டுவிடுங்கள். நாங்கள் ரெண்டு பேர், அஞ்சு நாள், ராத்திரி பாக்கெட்டும் காலை காபியும் மட்டும். 230 கிராம் சிலிண்டர் ஒன்று போதுமாக இருந்தது, கொஞ்சம் மிச்சம்கூட. ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிப்பதாக இருந்தால் அந்தக் கணக்கு பத்தாது. 2,000 மீட்டருக்கு மேலே மூணு நிமிஷம் தளதளவென்று கொதிக்கணும், கேஸ் பறக்கும். வடிகட்டி எடுத்துப்போங்கள்.

#18 | கேள்விக்குறி | சென்னை | (நாலு வாரம் கழித்து)

எல்லோரும் உயிரோடு வந்துவிட்டோம்.

விஷன்சர் ஏரி முகாமில் மேகி. கட்சர் கணவாய் ஏறி இறங்கிய நாள் பாக்கெட், பாதிமூட்டை அண்ணன் சொன்ன மாதிரியே அதை அந்த நாளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். பொட்டலத்தை முதல் வேலையாக எடுத்தேன், இருபத்தஞ்சு நிமிஷம் விட்டேன், நீள ஸ்பூன் இருந்தது. பாஸ்தா நன்றாகவே ஊறியது. நண்பர்கள் மூணு பேரும் ஒன்றும் பேசாமல் தின்றார்கள், எங்கள் கூட்டத்தில் அது பெரிய பாராட்டு. வழிகாட்டிப் பெரியவர் மட்டும் ஒரு ஸ்பூன் வாங்கி, மென்று, யோசித்து, தன் பையிலிருந்து ரொட்டியையும் உப்பு டீயையும் எடுத்துக்கொண்டார்.

கங்காபல் ஏரிக்கரையில் தயிர் சாதம். மோர்ப் பவுடர் சென்னையில் கிடைக்கவில்லை, பாக்கெட் மோர் வேறு எப்படித் தூக்குவது என்று, தயிரைத் துணியில் கட்டி நீரை வடித்து, மொட்டை மாடியில் காயவைத்து அம்மா பொடித்துக் கொடுத்தார்கள். ரெண்டு நாள் வெயில், காக்காய்க்குக் காவல் அப்பா. சாதம் ஆறுகிற வரை பொறுக்க முடியாமல் கொட்டிவிட்டேன். திப்பி திப்பியாகத்தான் நின்றது. பெரியவர் அதை மட்டும் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், மோர்மிளகாயைத் தொடவில்லை.

ரெண்டு பாக்கெட் மிச்சம். 2050 வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது.

#19 | ரசம்பொடி | ஃப்ரீமான்ட்

டிசம்பர்ல மெட்ராஸ் வரேன். ஒண்ணை எடுத்து வைங்க. திராட்சை இல்லாததா.